வெயிலும் வண்டியோட்டமும்



பங்குனியின் பிற்கூறும் சித்திரையின் முற்கூறும் நம் நாட்டிலே ஞாயிறு தலைக்கு நேர்மேலே வந்து நிற்கும் நாட்கள். உவமையாக இதனைக் கூறுகிறேன் அல்லேன். ஏப்பிரல் 5ஆந் திகதியளவில் இலங்கையின் தென்கோடிக்கு உச்சங்கொடுக்கும் சூரியன், நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, அடுத்த பத்து நாட்களுக்குள் பருத்தித்துறையையும் கடந்துவிடுகிறது. வளிமண்டலவியல் திணைக்களம் எந்த நாளில் எந்த ஊருக்கு உச்சம் என்பதை ஆண்டுதோறும் அறிவித்து வருவதை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். அந்நாட்களில் நண்பகல் 12 மணி 12 நிமிடமளவில் வீதியிலே நின்று பார்த்தால், நமது நிழல் நம் காலடிக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கும். நமக்கே நிழல் இல்லாத அந்த வேளையில் வீதியில் வண்டியோட்டிச் செல்வோரைக் குறித்தே இன்று பேச எண்ணுகிறேன்.

அத்தகையோர் இன்று மிகப் பலர். 2022ஆம் ஆண்டிலே எரிபொருளுக்காக நாம் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அக்காலத்தில் கொழும்பு மாநகரில் மறக்கப்பட்டுக் கிடந்த துவிச்சக்கரவண்டி மீண்டும் வீதிக்கு வந்தது. தெஹிவளையிலிருந்து கோட்டைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் மிதித்துச் சென்ற உத்தியோகத்தர் பலருள் நானும் ஒருவன். பாடசாலை விட்டதும் உச்சி வெயிலில் வீடு திரும்பும் மாணவர் இருக்கின்றனர். நண்பகலில் நாம் வீட்டில் இருந்தபடியே கேட்கும் உணவுப் பொதியை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து தரும் இளைஞர் இருக்கின்றனர். இவர்களோடு, சித்திரைப் புத்தாண்டு விழாக்களிலே ஊர்தோறும் நடைபெறும் துவிச்சக்கரவண்டி ஓட்டங்களிற் பங்குபற்றும் வீரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டின் மிகக் கடுமையான வெயிலிலேதான் நமது பெரிய வண்டியோட்டப் பந்தயங்களும் நடைபெறுகின்றன.

நான் வைத்தியன் அல்லேன், கலைப் பட்டதாரி, பாடசாலை அதிபர். எனினும் இப்பொருள் பற்றிப் பேசுவதற்கு எனக்கு ஒரு கடமை உண்டு. அந்தக் கடமை எப்படி வந்தது என்பதை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் ஆசிரியனாகப் பணிபுரிந்த காலத்திலே, மேல்வகுப்பு மாணவர் இருபது பேரைத் துவிச்சக்கரவண்டிப் பயணமொன்றிற்கு அழைத்துச் சென்றேன். தெஹிவளையிலிருந்து பாணந்துறை வரை சென்று மீள்வது திட்டம். காலையிற் புறப்பட்டோம். கடற்காற்று முகத்தில் அடித்தது. மாணவர் பாட்டும் சிரிப்புமாக வந்தனர். பாணந்துறையில் நேரம் போனதே தெரியவில்லை. திரும்பும்போது பதினொரு மணிக்கு மேலாகிவிட்டது. மொறட்டுவையைக் கடக்கும்போது ஒரு மாணவன் பின்தங்கத் தொடங்கினான். வயது பதினைந்து. அருகே சென்று, “என்ன தம்பி, ஏலாமல் இருக்கிறதா?” என்று கேட்டேன். “தலை கொஞ்சம் இடிக்கிறது, சேர். வேறு ஒன்றுமில்லை” என்றான். நானும், “இன்னும் நாலைந்து மைல்தானே, வீடு வந்துவிட்டது, மிதியும்” என்று சொல்லிவிட்டு முன்னே சென்றேன்.

நேயர்களே, அந்த வார்த்தைகளை நான் இன்றுவரை மறக்கவில்லை. இரத்மலானையில் வீதிச் சமிக்ஞை விளக்கருகே எல்லோரும் நின்றோம். அந்த மாணவன் வண்டியை விட்டு இறங்கினான், அதனைத் திருப்பினான், வந்த வழியே, பாணந்துறைப் பக்கமாக, உருட்டிக்கொண்டு நடக்கலானான். ஓடிப்போய் மறித்து, “எங்கே போகிறீர்?” என்று கேட்டேன். வீட்டுக்கு என்றான். எந்த வகுப்பில் படிக்கிறீர் என்று கேட்டேன்; இரண்டு ஆண்டுகளுக்கு முன் படித்த வகுப்பைச் சொன்னான். அவன் உடல் அடுப்படியில் வைத்த கலம்போற் கொதித்தது. அவ்விடத்துக் கடைக்காரர் இருவர் அவனைத் தூக்கி நிழலிற் கிடத்தி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினர். பின்னர் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். இரண்டு நாட்களில் நலமடைந்தான். இன்று பிள்ளைகளுக்குத் தந்தையாகவும் இருக்கிறான். ஆனால், அன்று மாலை அவனுடைய தாயார் வைத்தியசாலை வாசலில் என்னைக் கண்டு கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: “சேர், பிள்ளை உங்களுக்கு ஒன்றுமே சொல்லவில்லையா?”

அவன் சொன்னான். தலை இடிக்கிறது என்றான். அதனோடு ‘வேறு ஒன்றுமில்லை’ என்றும் சொன்னான். இரண்டனுள் எனக்கு வசதியானதை நான் நம்பினேன்.

இத்தகைய தவறு என்னைப் போன்ற ஆசிரியரிடம் மட்டுமன்றி, உலகின் தலைசிறந்த வீரரிடையேயும் நேர்ந்திருக்கிறது. 1960ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆந் திகதி, உரோம் நகரிலே ஒலிம்பிக் விளையாட்டு விழா. 100 கிலோமீற்றர் துவிச்சக்கரவண்டி அணிப் போட்டி கொளுத்தும் வெயிலில் நடைபெற்றது. நால்வர் கொண்ட அணியில் மூவராவது ஓட்டத்தை முடித்தால்தான் அந்த அணி கணக்கிற் கொள்ளப்படும் என்பது விதி. டென்மார்க் அணியின் ஒருவர் வெப்பத்தால் நலிந்து தொடக்கத்திலேயே விலகிவிட்டார். எஞ்சியோர் மூவர். அவர்களுள் ஒருவரான கனூட் எனெமார்க் யென்சன், வயது 23, தமக்குத் தலைசுற்றுவதாகக் கூறினார். அவர் நின்றால் அணி தோற்றுவிடும். தோழர் இருவரும் இருமருங்கும் அவரைத் தாங்கிப் பிடித்தனர், தண்ணீர் தெளித்தனர். அவர் சற்றுத் தெளிந்தவர்போற் காணப்பட்டார். பிடித்த கையை விட்டனர். சிறிது நேரத்தில் அவர் வீதியில் விழுந்து தலையில் அடிபட்டார். அன்றே உயிர் துறந்தார். ஊக்க மருந்து பற்றிய பேச்சு நெடுங்காலம் நிலவிற்று. ஆயினும் பிரேத பரிசோதனை செய்த இத்தாலிய வைத்தியர்கள் வெப்பத்தாக்கே மரணத்துக்குக் காரணம் எனத் தீர்த்தனர்.

அத்தோழர் தீயவரல்லர், அன்பினாலேயே தாங்கிப் பிடித்தனர். ஆயினும், ‘நில்’ என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. தலைசுற்றியவரால் அதனைச் சொல்ல முடியவில்லை. அவர் தேறிவிட்டார் என்றே மற்றவர் எண்ணிக்கொண்டனர்.

இங்கேதான் நான் இன்று வற்புறுத்த விரும்பும் உண்மை இருக்கிறது. வெப்பம் மனிதனைத் தாக்கும்போது அவனது காலையும் கையையும் மாத்திரம் தளர்த்துவதில்லை. அவனது மதியையும் மயக்குகிறது. எந்த அறிவைக் கொண்டு ‘நான் நோயுற்றேன், இனி நிற்க வேண்டும்’ என்று தீர்மானிக்க வேண்டுமோ, அந்த அறிவே கலங்கிவிடுகிறது. ஆதலால், வெயிலில் வண்டியோட்டுவோன் தன் பாதுகாப்புப் பற்றிய தீர்மானங்களைப் புறப்படுமுன்னரே செய்துவிட வேண்டும். வழியில் எடுக்க வேண்டிய தீர்மானத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது, உடன் வருவோரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இனி, உடலில் நிகழ்வது என்ன என்று நோக்குவோம். நமது உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். துவிச்சக்கரவண்டியை மிதிக்கும்போது தசைகள் செலவிடும் சத்தில் காற்பங்கு அளவே சக்கரத்தைச் சுழற்றுகிறது; எஞ்சிய முக்காற்பங்கும் உடலுக்குள்ளே வெப்பமாக மாறுகிறது. இவ்வெப்பத்தை வெளியேற்ற உடல் கையாளும் தலையாய வழி வியர்வை. கடும் வெயிலில் உழைப்பவர் மணிக்கு ஒரு லீற்றருக்கு மேலும் வியர்ப்பதுண்டு. ஆனால், வியர்வை தோன்றுவதனால் மாத்திரம் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாகிப் பறந்தாற்றான் குளிர்ச்சி. சொட்டுச் சொட்டாக நிலத்தில் வீழும் வியர்வை, உடலுக்கு நட்டமேயன்றி இலாபமன்று.

கொழும்பின் தொல்லை இதுதான். வெப்பமானியைப் பார்த்தால் 32 பாகைதான் காட்டும். அனுராதபுரத்தையும் வவுனியாவையும் நோக்க இது பெரிதா என்று நினைப்போம். ஆனால், கடலருகே காற்றில் ஈரம் மிகுதி. ஈரப்பதன் 70 வீதமாக இருந்தால், அந்த 32 பாகை நமது உடலுக்கு ஏறத்தாழ 40, 41 பாகைபோல் உறைக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் என்று அறிவிப்பது இதனைத்தான். அதுவும் நிழலுக்குரிய கணக்கு. நேர்வெயிலில் உறைப்பு இன்னும் பல பாகை கூடும். சித்திரை மாதத்திலோ, வாடைக்காற்று ஓய்ந்து சோளகம் எழாத இடைக்காலமாதலால், காற்றும் அசைவதில்லை.

வண்டியோட்டுவோனுக்கு இதனோடு ஒரு தனி ஏமாற்றமும் உண்டு. அவன் ஓடும்வரை, ஓட்டத்தாலேயே அவன்மீது காற்று வீசுகிறது. வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால், தான் வியர்ப்பதையே அவன் உணர்வதில்லை. நீர் குடிக்கவும் தோன்றுவதில்லை. சமிக்ஞை விளக்கில் நின்றதும் காற்று நின்றுவிடுகிறது. தசைகளில் தேங்கிய வெப்பமோ நிற்பதில்லை. அப்போதுதான் வியர்வை ஆறாய்ப் பெருகுகிறது, தலை சுற்றுகிறது. மேட்டில் மெல்ல ஏறும்போதும் இதுவே நிலை: உழைப்பு மிகுதி, காற்றுக் குறைவு. என் மாணவன் ஓடும்போது கலங்காது, நின்றபோது கலங்கியதன் காரணத்தைப் பின்னரே அறிந்தேன்.

வன்னியிலும் மன்னாரிலும் ஏமாற்றம் வேறு வகை. நமது தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 பாகை. வெளிக்காற்று அதற்கு மேற்பட்டால், மோட்டார் சைக்கிளில் செல்வோன்மீது வீசும் காற்று அவனுக்கு வெப்பத்தைக் கூட்டவே செய்கிறது. சட்டையைத் திறந்துவிட்டால் குளிரும் என்பது அங்கே பிழையான எண்ணம். கையை மூடிய, தளர்ந்த, வெளிர்நிறப் பருத்தி உடையே ஏற்றது. வெயிலுக்கு அஞ்சித் தலைக்கவசத்தைக் கழற்றவேண்டாம். இறங்கி ஓய்வெடுக்கும்போது கழற்றித் தலையை நனைத்துக்கொள்க.

வெப்பநோய் படிப்படியாக வருவதும் உண்டு. திடீரெனத் தாக்குவதும் உண்டு. கால் தசைகள் பிடித்து இழுப்பது ஒரு நிலை. தலையிடி, குமட்டல், தலைசுற்று, மிகுந்த சோர்வு, வேகமான நாடி ஆகியன வெப்பச் சோர்வின் குறிகள். எரிக்கும் வெயிலில் உடல் சிலிர்த்துக் குளிர்வதுபோற் தோன்றினால், அது நலமன்று, அபாய அறிவிப்பு. பேச்சுக் குழறல், தடுமாற்றம், காரணமற்ற சினம், வழி தெரியாமை, மயக்கம் என்பன தோன்றி, உள்வெப்பம் 40 பாகையையும் கடந்தால், அதுவே வெப்பத்தாக்கு; உயிருக்கு ஆபத்தானது. வியர்வை நின்று தோல் உலர்ந்தால்தான் வெப்பத்தாக்கு என்று பலர் எண்ணுவர். கடுமையாக உழைத்து நோயுற்றவர் வியர்த்துக்கொண்டே இருக்கக்கூடும். எனவே, தோலைப் பார்க்க வேண்டாம், புத்தியைப் பாருங்கள். இன்று என்ன கிழமை, எங்கே போகிறீர் என்று கேளுங்கள். பதில் பிசகினால் ஐயுறவேண்டாம்.

இவ்வளவும் அறிந்த பின்னரும் நானே ஒருமுறை அகப்பட்டேன். 2023ஆம் ஆண்டு பங்குனியில், காய்ச்சல் மாறி மூன்று நாட்களே ஆன நிலையில், மதிய உணவும் கொள்ளாது, பிற்பகல் இரண்டு மணியளவில் காலி வீதி வழியாக வண்டியில் வந்துகொண்டிருந்தேன். வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தருகே நின்றபோது உடல் சிலிர்த்தது. வீதியோரத்திற் செவ்விளநீர் விற்ற ஒரு சிங்கள அன்பர் என்னைப் பார்த்தார். “ஐயா, சற்று இருங்கள்” என்றார். “ஒன்றுமில்லை, நான் நலமாக இருக்கிறேன்” என்றேன். அவர் என் சொல்லை நம்பவில்லை. எழுந்து வந்து வண்டியின் கைபிடியைப் பற்றிக்கொண்டார். நான் சினந்தும் விடவில்லை. நிழலில் அமர்த்தித் தலையில் தண்ணீர் வார்த்து, தெளிந்த பின்னரே இளநீரை நீட்டினார். அரை மணி நேரங்கழித்துத்தான், அவரிடம் நான் எத்துணைக் கடுமையாகப் பேசினேன் என்பது எனக்கே நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் சொன்ன அதே சொல்லை, அதே நிலையில், நானும் சொன்னேன். வேறுபாடு ஒன்றுதான்: அவனுக்கு வாய்த்தவன் அந்தச் சொல்லை நம்பினான், எனக்கு வாய்த்தவர் நம்பவில்லை.

ஆகவே, புறப்படுமுன் தீர்மானிக்க வேண்டியவை எவை? முதலாவது வேளை. நெடுந்தூரம் செல்வதாயின் விடியுமுன் புறப்பட்டு, ஒன்பது, பத்து மணிக்குள் சேர வேண்டிய இடத்தைச் சேர்க. யாழ்ப்பாணத்திலே 1990களில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், குடாநாடு முழுவதும் துவிச்சக்கரவண்டியிலேயே இயங்கிற்று. அரிசி மூடையும் நோயாளியும் அதன்மீதே சென்றனர். அக்காலத்து முதியோர் இந்தக் கணக்கை நன்கறிந்திருந்தனர். விடிவெள்ளியோடு புறப்படுவர், உச்சி வேளையில் மரநிழலிலோ மடத்திலோ தங்குவர், வெயில் சாய்ந்தபின் மிதிப்பர். இடைவெளியில் மோரும், பனங்கட்டியோடு தண்ணீரும். அவர்கள் எந்தச் சுட்டெண்ணையும் படித்தவரல்லர்; ஆயினும் உச்சி வெயிலோடு போட்டியிட்டதில்லை.

இரண்டாவது வழி. குறுகிய வழியைவிட நிழல் வழி மேல். பௌத்தாலோக மாவத்தையின் பெருமரங்களுக்குக் கீழே செல்வதற்கும், காலி முகத்திடலின் திறந்த வீதியிற் செல்வதற்கும் உள்ள வேற்றுமையைச் சென்று பார்த்தவர் அறிவர்.

மூன்றாவது நீர். புறப்படுமுன் குடியுங்கள், பின்னர் தாகத்துக்காகக் காத்திராது, 15 அல்லது 20 நிமிடத்துக்கொருமுறை ஒரு குவளை குடியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணமாயின் உப்பும் வேண்டும். உப்பிட்ட தேசிக்காய்த் தண்ணீர் நன்று. மருந்துக் கடைகளிற் கிடைக்கும் ஜீவனியைப் பொதியிற் குறித்த அளவு நீரிற் கரைத்துக் கொள்ளலாம். வீட்டில் ஆக்குவதாயின் ஒரு லீற்றர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும், மட்டமாக அளந்து சேர்க்க. இளநீர் சிறந்ததே, எனினும் வியர்வையில் இழந்த உப்பை அது முழுவதும் ஈடுசெய்யாது. வெறும் நீரை அளவுகடந்து குடிப்பதும் தீங்கு. இரத்தத்தில் உப்புக் குன்றிவிடும். மணிக்கு ஒன்றரை லீற்றரை மீற வேண்டாம். சிறுநீர் வைக்கோல் நிறமாயிருந்தால் அளவு சரி, கடுமஞ்சளாயின் போதாது. மது நீரை வெளியேற்றி அறிவையும் மயக்கும். புத்தாண்டுக் கொண்டாட்டக்காரர் இதனை மனத்திற் கொள்க.

நான்காவது உடல்நிலை. காய்ச்சல், வயிற்றோட்டம், உறக்கமின்மை உள்ளபோது வெயிலில் வண்டி வேண்டாம். நீரை வெளியேற்றும் மாத்திரைகளையும், தடிமலுக்கும் மனநோய்க்குமான சில மருந்துகளையும் உட்கொள்வோர் வைத்தியரிடம் கேட்டறிக. மருந்தைத் தாமே நிறுத்திவிட வேண்டாம். பழக்கமில்லாதவர் முதல் நாளிலேயே முழுத் தூரம் செல்லலாகாது. வெயிலுக்கு உடல் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். குளிர்நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் உறவினர் இதனை முக்கியமாக அறிதல் வேண்டும். பிறந்த மண்தானே என்று மறுநாளே வெயிலில் வண்டியெடுப்பர். மண் மறந்திராது, ஆனால் உடல் மறந்திருக்கும்.

குழுவாகச் செல்வோருக்கு நான் கைக்கொள்ளும் விதி ஒன்றைச் சொல்கிறேன். என் மாணவரை இருவர் இருவராகச் சேர்த்துவிடுகிறேன். ஒருவனுடைய நலத்துக்கு மற்றவனே பொறுப்பு. ‘எனக்கு ஏலும்’ என்று ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்வதை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. ‘அவனுக்கு ஏலாது’ என்று துணைவன் சொன்னால், அங்கேயே எல்லோரும் நின்றுவிடுவோம். நின்றதற்காக எவனும் நகைக்கப்படுவதில்லை. பந்தயம் நடத்துவோரும், நிறுத்தும் அதிகாரத்தைப் பந்தயத்தின் வெற்றி தோல்வியில் நாட்டமில்லாத ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். 2024ஆம் ஆண்டில் சர்வதேச துவிச்சக்கரவண்டிச் சங்கமே, வெப்பம் எல்லை மீறினால் பந்தயத்தின் தொடக்க நேரத்தையும் வழியையும் மாற்றவும், வேண்டின் பந்தயத்தையே கைவிடவும் இடமளிக்கும் நெறிமுறையை வகுத்தது. உலக வீரருக்கு ஆகும் நீதி நமது ஊர்ப் பிள்ளைக்கும் ஆகாதா?

இவ்வளவு செய்தும் ஒருவர் வீழ்ந்தால் என் செய்வது? முதலிற் குளிர்விக்க, பின்னரே கொண்டுசெல்க. இந்த ஒழுங்கு மிக முக்கியமானது. ஒருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து, இலவசமான சுவசெரிய நோயாளர் வண்டியை வரவழைக்கட்டும். மற்றவர் அதுவரை கைகட்டி நிற்கலாகாது. நிழலிற் கிடத்தி, தலைக்கவசம், சப்பாத்து, இறுகிய உடைகளைக் களைந்து, கையிற் கிடைத்த தண்ணீரையெல்லாம் உடல் முழுவதும் ஊற்றுங்கள், விடாது விசிறுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். தொட்டியிருந்தால், தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் அமர்த்துவதே சாலச் சிறந்தது. கிணற்றடி அருகிருந்தால் அதுவே முதல் வைத்தியசாலை. முதல் அரை மணி நேரத்துக்குள் உடலைக் குளிர்வித்தால் பெரும்பாலும் உயிர் பிழைக்கும். அறிவு தெளியாதவரின் வாயில் நீர் புகட்ட வேண்டாம், மூச்சுக்குழலுட் சென்றுவிடும். காய்ச்சல் மாத்திரையும் வேண்டாம். அது இவ்வெப்பத்தைத் தணிக்காது.

இறுதியாக, வண்டியோட்டாத நமது கடமை ஒன்று உண்டு. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது பழமொழி. நம் முன்னோர் அதனை வெயிலில் நிற்பவனுக்கு மட்டும் உரியதாக விட்டுவிடவில்லை. பருத்தித்துறையிலே தெருமூடிமடம் என்றொரு கட்டடம் உண்டு. வீதியின் இருமருங்கும் திண்ணை அமைத்து, வீதிக்கு மேலேயே கூரை வேய்ந்து, வழிப்போக்கனுக்கு நிழலமைத்த பெருந்தகையை அங்கே காணலாம். சித்திரையில் வீதியோரம் தண்ணீர்ப் பந்தல் அமைத்ததும் அந்த மரபே. அம்மரபு முற்றும் அழிந்துவிடவில்லை. 2024ஆம் ஆண்டு மே மாதம் புதுச்சேரியில், சமிக்ஞை விளக்கருகே காத்து நிற்கும் இருசக்கர வண்டியோட்டிகளுக்காக வீதிக்கு மேலே பச்சை நிழல்வலை கட்டினர்; சென்னையிலும் அவ்வாறே செய்தனர். 2025ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி, பொதி கொண்டுசெல்லும் ஊழியருக்கெனக் குளிரூட்டிய ஓய்வறை அமைத்தது. வண்டி நிற்கும் இடமே அபாயமான இடம் என்பதை முன்னர்க் கண்டோம். அவ்விடத்தில் ஒரு நிழல் எத்துணைப் பெரிய அறம்! நமது காலி வீதிச் சந்திகளிலும் அத்தகைய நிழல் அமைய வேண்டும் என்பது என் விருப்பம்.

அது அமையும்வரை, நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நண்பகலில் உணவுப் பொதியோடு நம் வாசலில் வந்து நிற்கும் இளைஞன், அடுத்த வீட்டுக்கும் நேரந் தவறாது செல்ல வேண்டியவன். “தண்ணீர் வேண்டுமா?” என்று கேட்டால், “வேண்டாம், ஒன்றுமில்லை” என்றே பெரும்பாலும் சொல்வான். அச்சொல்லை நம்பாதீர்கள். கேள்வி கேளாமலே ஒரு குவளைத் தண்ணீரை நீட்டுங்கள்; படலையடி நிழலில் இரண்டு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். அவன் முகத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

அவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள். பிள்ளை உங்களுக்கு ஒன்றுமே சொல்லவில்லையா என்று அவள் நம்மிடம் கேட்க நேரலாகாது.